தெய்வத்தின் பெயரில் பட்டா

கோயில் நிலத்தின் பட்டாவில் உரிமையாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு சுவாமியின் பெயரோ அம்பாளின் பெயரோ இருப்பது தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் யாருக்கும் புதுமையன்று. அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் பாக்கி வைத்தாலோ, ஆக்கிரமித்தவர் எழுந்துபோக மறுத்தாலோ, நீதிமன்றத்தில் வாதியாக நிற்கக்கூடியதும் அந்தத் தெய்வமே; மனுவில் கையொப்பமிடுபவர் அறங்காவலராகவோ, செயல் அலுவலராகவோ, அறங்காவலர் இல்லாத காலத்தில் அரசுத் துறையால் நியமிக்கப்படும் 'தக்கார்' ஆகவோ இருப்பார். நூறாண்டுக்கு மேலாகப் பழகிப்போன இந்த ஏற்பாட்டுக்குள், சமயமும் சட்டமும் சேர்ந்து விடை சொல்ல வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. சட்டம் 'நபர்' என்று ஏற்கும் அந்தத் தெய்வம் முன்பே இருந்த ஒன்றா, சட்டம் தன் தேவைக்காக ஆக்கிக்கொண்ட ஒன்றா என்பதே அது. இதை ஆராயப் புகுவோர், அந்தச் சட்டமே எதன்மேல் நிற்கிறது, அரசு எதன் பெயரால் ஆள்கிறது என்பவற்றையும் ஆராய நேரிடும்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே சிற்றாற்றங்கரையில் உள்ள இலஞ்சியின் தலபுராணம், இவ்வாராய்ச்சிக்கு எதிர்பாராத ஒரு வாசலைத் திறந்து தருகிறது. காசியபர், கபிலர், துருவாசர் என்னும் முனிவர் மூவர் இங்கே கூடி, உலகம் உள்பொருளிலிருந்து தோன்றியதா இல்பொருளிலிருந்து தோன்றியதா என்று வாதிட்டதாகவும், வாதம் முடிவுக்கு வராதபோது முருகன் இளைஞனாக எழுந்தருளி உண்மையை விளக்கியதாகவும், அவரே திருவிலஞ்சிக் குமாரராகக் கோயில் கொண்டதாகவும் அப்புராணம் சொல்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற இத்தலத்தில் இருவாலுக நாயகர் என்ற பெயரில் சிவபெருமானுக்கும் சன்னிதி உண்டு. புராணத்தில் நடுவராக வந்தவர் இன்றைய நீதிமன்றத்தில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ நிற்கக்கூடியவர்; மூவரும் அன்று எழுப்பிய ஐயத்தைத்தான் நீதிபதிகள் வேறு சொற்களில் இன்றும் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஐயத்துக்குத் தத்துவ நூல்களில் இரண்டு விடைகள் நிலைபெற்றுள்ளன. காரியம், அதாவது விளைபொருள், தன் காரணத்தில் முன்பே நுண்மையாக இருக்கிறது, குயவன் அதை வெளிப்படுத்துகிறானேயன்றி இல்லாத குடத்தை மண்ணிலிருந்து படைக்கவில்லை என்பது சற்காரியவாதம். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இதை ஏற்றனர். குடம் முன்பு இல்லை, பிறகுதான் புதிதாக உண்டாயிற்று என்பது நியாய வைசேடிகர் கொண்ட அசற்காரியவாதம். திருநெல்வேலிச் சீமையில் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர், சிவஞானபோதத்துக்கு எழுதிய மாபாடியத்தில் முதல் விடையைத் தருக்கநெறியில் நிறுவுகிறார். இந்த இரண்டு விடைகளும் சட்டத்தைப் பற்றிய பெரிய விவாதம் ஒன்றிலும் அப்படியே திரும்பி வருகின்றன என்பது, ஒப்புமைக்காக வலிந்து இழுத்துக் கூறுவதன்று. பொதுச்சட்டம் என்னும் முறையின் வரலாற்றைப் பார்த்தாலே அது விளங்கும்.

பொதுச்சட்டம் என்பது, சட்டமன்றம் இயற்றிய ஒரே தொகுப்பிலிருந்து தோன்றாமல், நீதிபதிகள் வழக்குதோறும் அளித்த தீர்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவான முறை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி என்ற இங்கிலாந்து மன்னர் தம் நீதிபதிகளை ஊர் ஊராகச் சுற்றிவர அனுப்பினார். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டிருந்த வழக்கங்களை அவர்கள் கேட்டும் ஒப்பிட்டும் நாடு முழுமைக்கும் பொதுவானதாக வளர்த்தெடுத்த நெறியே அப்பெயர் பெற்றது. முன்பு தீர்க்கப்பட்ட வழக்கின் அடிப்படை, அதே தன்மையுள்ள பின்னைய வழக்கையும் கட்டுப்படுத்தும் என்ற முன்தீர்ப்பு விதி அதன் முதுகெலும்பு. அந்த விதியை அதன் ஆசிரியர்கள் நியாயப்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது: நீதிபதி சட்டத்தை ஆக்குவதில்லை, நினைவுக்கு எட்டாத காலம் முதல் மக்கள் வழக்கத்தில் இருந்துவரும் சட்டத்தைக் கண்டு சொல்கிறார் என்றே அவர்கள் வாதிட்டனர். இது தெளிவான சற்காரியவாதம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தாம் இதைக் கடுமையாக எள்ளினார். நீதிபதிகள் ஆக்கத்தான் செய்கிறார்கள், ஆக்கிவிட்டுக் கண்டதாகச் சொல்கிறார்கள், தவறு நடந்த பிறகே மக்களுக்கு அந்தச் சட்டம் தெரியவருகிறது என்பது அவர் குற்றச்சாட்டு.

கண்டு சொல்வதாகக் கூறும் இக்கொள்கைக்கு அரசியல் பயன் ஒன்று உண்டு. அதைப் பெந்தாம் போதிய அளவு மதிக்கவில்லை என்றே தோன்றுகிறது. சட்டம் அரசனுக்கும் முற்பட்டது என்றால், அரசனும் அதற்குக் கீழ்ப்பட்டவன் ஆகிறான். அரசன் எந்த மனிதனுக்கும் கீழ்ப்பட்டவனல்லன், ஆனால் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவன் என்ற கருத்து பிராக்டன் பெயரில் வழங்கும் 13ஆம் நூற்றாண்டு நூலில் உள்ளது. 1607இல் முதலாம் ஜேம்ஸ், தாமே வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கலாம் என்று கருதியபோது, தலைமை நீதிபதி எட்வர்டு கோக் அந்தக் கருத்தையே எடுத்துக்காட்டி மறுத்தார். மன்னரின் இயற்கை அறிவு எவ்வளவு கூர்மையானதாயினும், சட்டத்துக்குரியது நீண்ட பயிற்சியால் மட்டும் கைவரும் வேறொரு பகுத்தறிவு என்பது அவர் வாதம். அச்சந்திப்பைப் பற்றிக் கோக் எழுதிவைத்த குறிப்பில் அவர் காட்டும் துணிவு, உண்மையில் மன்னர் முன்னிலையில் அந்த அளவுக்கு இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். ஆயினும் பின்வந்த நூற்றாண்டுகள் நம்பியதும் பின்பற்றியதும் அந்தக் குறிப்பையே. 'கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன அம்மரபு, தமிழகத்துக்கு வந்தபோது, கடவுளே சட்டத்தின்முன் வந்து நிற்கும் நிலையைச் சந்திக்க நேர்ந்தது.

அது இங்கே வந்த வழி சுருக்கமாகச் சொல்லக்கூடியது. 1726இன் அரச சாசனப்படி சென்னையில் மேயர் நீதிமன்றமும், 1801இல் உச்ச நீதிமன்றமும், 1862இல் இன்றைய உயர் நீதிமன்றமும் அமைந்தன. நகருக்கு வெளியே கம்பெனி நீதிமன்றங்கள் இந்து தரும சாத்திரம் பற்றிய ஐயங்களைப் பண்டிதர்களிடம் கேட்டுவந்தன. 1864இல் அந்தப் பண்டிதர் பதவி ஒழிக்கப்பட்டது. 1873ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டம், வாரிசுரிமை, திருமணம், சாதி, சமய வழக்கம், சமய நிறுவனம் ஆகியவற்றில் இந்துக்களுக்கு இந்துச் சட்டத்தையும் வழக்காற்றையும், விதி எதுவும் இல்லாத இடத்தில் நீதி, நடுநிலை, நல்மனச்சான்று ஆகியவற்றையும் பின்பற்றுமாறு பணித்தது. இதற்கு முன்பே, 1868இல், இராமநாதபுரம் சமஸ்தானத்தின் தத்தெடுப்பு வழக்கில், இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு அவை, தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட சாத்திரத்தையும் விஞ்சும் என்று தீர்ப்பளித்திருந்தது. கண்டு சொல்லும் நீதிபதிக்கு இந்த மண்ணில் காண்பதற்கு என்ன இருந்தது என்பதே அடுத்த கேள்வி.

இருந்தது நிறையவே. பெரியபுராணத்தில் சுந்தரர் ஆட்கொள்ளப்படும் பகுதி, சட்டம் பயின்றவர் ஒருவர் படித்தால் ஒரு வழக்கு விசாரணையின் குறிப்பாகவே தோன்றும். திருமணப் பந்தலில் முதிய வேதியராக வந்து நிற்கும் இறைவன், நம்பியாரூரர் என்னும் சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை, அவர் பாட்டனார் எழுதித்தந்த ஓலை உண்டு என்கிறார். நம்பியாரூரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிபட்டது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் உண்டு என்று முதியவர் வழக்கை அவ்வூர் அவைக்குக் கொண்டுபோகிறார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாகும் வழக்கம் உலகில் இல்லையே என்று முதலில் தயங்கும் அவையினர், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றால் மெய்ப்பிக்கக் கேட்கிறார்கள். ஆட்சி என்பது தொடர்ந்த அனுபோகம், ஆவணம் என்பது எழுத்துச் சான்று, காட்சி என்பது கண்டவர் சாட்சியம். சொத்து வழக்குகள் இன்றும் பெரும்பாலும் இம்மூன்றில்தான் நிற்கின்றன. காப்பிலிருந்த வேறோர் ஓலையில் உள்ள பாட்டனாரின் எழுத்தோடு மூல ஓலையின் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தபின் நம்பியாரூரர் தோற்றதாக அவை தீர்ப்புச் சொல்கிறது. வழக்கில் வென்றவரின் இல்லம் எது என்று கேட்டதற்கு அவர் அழைத்துப்போனது திருவருட்டுறைக் கோயிலுக்கு. வழக்காடும் தெய்வம் என்பது சேக்கிழார் காலத்திலேயே கேட்பவர்க்கு விளங்கக்கூடிய கருத்தாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அத்தெய்வம் தன் சர்வ வல்லமையைக் கொண்டு வெல்லாமல் ஆவணத்தைக் கொண்டு வென்றதில் சேக்கிழார் ஒரு தனிச்சுவை கண்டிருக்க வேண்டும்.

காவியத்துக்கு வெளியிலும் சான்று உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் சிவன் கோயிலின் நிலத்தை விற்பதும் வாங்குவதும் ஆதிசண்டேசுவரர் பெயரில் நடக்கின்றன. சிவபெருமானின் உடைமைக்குக் கணக்கும் காவலுமாக அவர் நிறுத்தப்பட்டிருக்கிறார். குற்றாலநாதர் கோயிலிலோ தென்காசி விசுவநாதர் கோயிலிலோ வலம்வரும் பக்தர், சண்டிகேசுவரர் சன்னிதியில் மெல்லக் கைதட்டியோ கையைத் துடைத்துக் காட்டியோ செல்கிறார். சிவன் சொத்தில் எதையும் எடுத்துப் போகவில்லை என்று கணக்கரிடம் கைகாட்டிப் போவதாகவே இதற்கு மக்கள் பொருள் சொல்கிறார்கள். சத்தமாகத் தட்டக்கூடாது, அவர் தியானம் கலையும் என்று பெரியவர்கள் பிள்ளைகளைக் கண்டிப்பதும் உண்டு. தெய்வத்துக்குச் சொத்து உண்டு, அச்சொத்தைக் காக்க அதனின் வேறான ஒருவர் உண்டு என்ற இரண்டு கருத்துகளும் எந்த நீதிமன்றமும் சொல்லாமலே வழிபாட்டின் உடலசைவுக்குள் பதிந்துவிட்டிருக்கின்றன.

இத்தகைய மரபைத்தான் பிரிவி கவுன்சில் சந்தித்தது. 1921இல் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வித்யா வாருதி தீர்த்தர் வழக்கில், இங்கிலாந்துச் சட்டத்தில் டிரஸ்டு எனப்படும் நம்பிக்கைப் பொறுப்பும் இந்து அறக்கட்டளையும் ஒன்றல்ல என்று அந்த அவை தெளிவுபடுத்தியது. டிரஸ்டு முறையில் சொத்து பொறுப்பாளரின் பெயருக்கு மாறும், பயன் பிறருக்குப் போகும். கோயிலிலோ சொத்து தெய்வத்துக்கோ நிறுவனத்துக்கோ உரியது, மடத்தலைவரும் தருமகர்த்தாவும் அதை நிர்வகிப்பவர் மட்டுமே. 1925இல் வங்காளத்து மல்லிக் குடும்பத்தின் குலதெய்வ விக்கிரகம் பற்றிய வழக்கில் அந்த அவை இன்னும் ஒரு படி மேலே சென்று, இந்து விக்கிரகம் சட்டப்படி ஒரு நபர், அது வெறும் அசையும் பொருளன்று, அதன் விருப்பமும் கருதப்பட வேண்டும், அதை எடுத்துச் சொல்ல நடுநிலையான ஒருவர் அதன் சார்பில் நியமிக்கப்பட வேண்டும் என்றது. வயதுக்கு வராத குழந்தைக்காகப் பிறர் வழக்காடுவது போன்ற ஏற்பாடு இது. தெய்வத்தை 'என்றும் இளையவர்' என்று சட்ட நூல்கள் கருதுவது இதனால்தான். குமாரனாகவே வழிபடப்படும் இலஞ்சி முருகனுக்கு இவ்வருணனை ஓரளவு பொருந்துவதாகத் தோன்றலாம். ஆனால் முனிவர் மூவர்க்கும் தத்துவம் உரைத்த குமாரரைச் சொந்தமாக மனுப்போட இயலாதவராகச் சட்டம் கருதுவதில் உள்ள முரணைச் சைவர் எவரும் கவனிக்காமல் இருக்க முடியாது.

இந்த முரணைச் சட்டம் அறியாமல் இல்லை. 1969இல் யோகேந்திரநாத் நஸ்கர் வழக்கில், தெய்வத்தின் வருமானத்துக்கு வரி விதிக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. எங்கும் நிறைந்த பரம்பொருளுக்குச் சொத்து வேண்டுவதில்லை, சட்டம் பேசுவது அப்பரம்பொருளைப் பற்றியதன்று, கொடையளித்தவரின் அறநோக்கத்தைத் தாங்கி நிற்கும் சட்டநபரைப் பற்றியதே என்ற வேறுபாட்டை வகுத்து, அந்த நபருக்கு வரி உண்டு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இங்கே சற்காரியவாதம் பின்வாங்கி, ஆக்கியதுதான் என்ற ஒப்புதல் முன்வருகிறது. 2019இன் அயோத்தித் தீர்ப்பு இந்த எல்லையை மேலும் இறுக்கியது: எழுந்தருளியிருக்கும் ராமரைச் சட்டநபராக ஏற்ற உச்ச நீதிமன்றம், பிறந்த இடமாகிய நிலத்தையே ஒரு நபராக ஏற்க மறுத்தது. மலையையும் அருவியையும் இறைவடிவாகக் காணும் குற்றாலம் போன்ற தலத்தின் நம்பிக்கைக்கு நேராக வைத்துப் பார்த்தால், சட்டம் தெய்வத்தை எவ்வளவு ஒடுங்கிய வாயிலின் வழியே உள்ளே விடுகிறது என்பது புலப்படும்.

ஒடுங்கிய வாயிலாயினும் அது கடல்கடந்தும் பயன்பட்டது. இன்றைய திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் சிதைந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயில் அருகே 1976இல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட நடராசர், பல கைகள் மாறி இலண்டன் போய்ச் சேர்ந்தார். 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அவரை விலைக்கு வாங்கியது. பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்ட இடத்தில் இலண்டன் காவல்துறை அவரைக் கைப்பற்ற, எழுந்த வழக்கில் இந்திய அரசோடும் தமிழ்நாடு அரசோடும் பத்தூர்க் கோயிலும் உரிமை கோரியது. ஆளில்லாத, பூசையில்லாத, கல்லும் காடுமாய்க் கிடந்த கோயில் எப்படி வழக்காடும் என்பதே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். 1988இல் கீழ் நீதிமன்றம் அங்கிருந்த சிவலிங்கத்தையும் வழக்காடும் தகுதியுடையதாகக் கண்டது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கோயிலே அத்தகுதியுடையது, இங்கிலாந்துச் சட்டம் கோயிலை நபராக அறியாவிட்டாலும் பிறநாட்டுச் சட்டம் ஏற்ற நபரை மதிப்பதே நாடுகளுக்கிடையிலான மரியாதை என்று கூறி, உரிமையை உறுதிசெய்தது. சிலை அதுதானா என்று அறிய உலோகத்தையும் ஒட்டியிருந்த மண்ணையும் நிபுணர்கள் ஒப்பிட்டார்கள். திருவெண்ணெய்நல்லூர் அவை எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டதுபோலவே. அதே ஆண்டு நடராசர் தாயகம் திரும்பினார்.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, பொதுச்சட்டம் இந்த மண்ணின் அறத்தை மதித்துப் போற்றியது என்று முடிவு கட்டுவது தவறாகும். வழக்கத்தைக் கண்டு சொல்பவர், கொடுமையான வழக்கத்தையும் சேர்த்தே கண்டு சொல்ல நேரிடும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சென்று வழிபட்டதை எதிர்த்து இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரை நீதிமன்றத்திலும், பிறகு உயர் நீதிமன்றத்திலும், இறுதியாக 1908இல் பிரிவி கவுன்சிலிலும் நாடார்கள் தோற்றார்கள். இடையில் மன்னரே மனம் மாறி அவர்களோடு சமரசத்துக்கு இசைந்தபோதும் வழக்கு முடியவில்லை. கோயிலின் பொறுப்பிலிருப்பவர் நெடுநாள் வழக்கத்தைத் தம் விருப்பப்படி விட்டுக்கொடுக்க முடியாது என்பதே சட்டத்தின் நிலையாக இருந்தது. நினைவுக்கு எட்டாத காலம் என்று கோக் கொண்டாடிய அதே அளவுகோல், இங்கே ஒரு மக்கள் கூட்டத்தைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. அந்தத் தெய்வத்தின் விருப்பம் என்ன என்று எடுத்துச் சொல்ல நடுநிலையான ஒருவரை அந்த வழக்கில் யாரும் தேடவில்லை. சொத்து வழக்கில் குரல் பெற்ற தெய்வம், தன்னை வழிபட வருவோரைப் பற்றிய வழக்கில் ஊமையாகவே வைக்கப்பட்டது. பொதுச்சட்டத்தின் அடித்தளத்திலேயே உள்ள பெரிய குறை இது. திறமையற்ற நீதிபதிகள்மேல் பழிபோட்டுக் கடந்துபோகக் கூடியதன்று.

அக்குறை நீங்கிய விதத்தை அறிய இலஞ்சிப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், அதன் தொடர்ச்சியான திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்தது. சில கல் தொலைவிலுள்ள தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருவிதாங்கூரில் 1750இல் மார்த்தாண்டவர்மர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, தாமும் தம் வழியினரும் பத்மநாபதாசராக ஆள்வதென்று வகுத்துக்கொண்டார். அங்கே நாட்டின் உடைமையாளர் தெய்வம், மன்னர் அதன் ஊழியர். அத்தகைய அரசில் 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மன்னர் வெளியிட்ட ஒரே பிரகடனத்தால், அரசின் பொறுப்பிலிருந்த கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. எல்லைக்கு இப்பால், முன்தீர்ப்புகளும் சொத்துரிமையும் பின்னிக் கிடந்த சென்னை மாகாணத்தில் 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்ற பிறகு, அச்செயலில் ஈடுபட்டவர்களை வழக்கிலிருந்து காக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே ஆலய நுழைவு அனுமதியோடு இழப்புக்காப்பும் சேர்ந்திருந்தது அதனால்தான். தெய்வத்தின் பெயரால் ஆண்ட மன்னருக்கு ஒரு கையெழுத்தில் முடிந்தது, சட்டத்தின் பெயரால் ஆண்ட மாகாணத்துக்கு மூன்றாண்டு தாமதமாகவும் தயக்கத்தோடும் முடிந்தது. இதைக் கொண்டு முடியாட்சியே மேல் என்று சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் ஒரு கையெழுத்தால் திறப்பவர் மற்றொரு கையெழுத்தால் மூடவும் கூடும். ஆனால் வழக்கத்தை மட்டும் நம்பும் சட்டம் தன்னைத் தானே திருத்திக்கொள்ள வலுவற்றது என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை.

அந்த வலுவைத் தந்தது 1950இன் அரசியலமைப்பு. அதன் 13ஆம் பிரிவு, சட்ட வலிமை பெற்ற வழக்காற்றையும் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் அடக்கி, அடிப்படை உரிமைக்கு முரணான அளவில் அதுவும் செல்லாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 372ஆம் பிரிவு அதுவரை இருந்த சட்டத்தைத் தொடரவிடுகிறது. பொதுச்சட்டம் இப்போது தானே அடித்தளமாக இல்லாமல், மக்கள் தமக்குத் தாமே தந்துகொண்ட ஆவணம் ஒன்றின்மேல் வைக்கப்பட்ட கட்டடமாயிற்று. பழைய அடித்தளத்தின் கல் ஒன்று அந்த ஆவணத்துக்குள்ளேயே பதிந்து கிடப்பதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் மன்றோ திருவிதாங்கூர்த் திவானாக இருந்தபோது கோயில் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாக வந்த பொறுப்பின் தொடர்ச்சியாக, 1956இல் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து வந்து சேர்ந்த பகுதிகளின் கோயில்களுக்கென ஆண்டுதோறும் 13,50,000 ரூபாயைத் தமிழ்நாட்டு அரசு வழங்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 290ஏ பிரிவு கூறுகிறது. சமயச்சார்பற்ற குடியரசின் மூல ஆவணத்தில் கோயிலுக்கான தொகை ரூபாய்க் கணக்கில் எழுதப்பட்டிருப்பது பலருக்குத் தெரியாத செய்தி.

இனி அரசு. 1817இல் சென்னை அரசு ஓர் ஒழுங்குவிதியால் கோயில் சொத்தின் மேற்பார்வையை ஏற்றது. கிறித்துவ அரசு உருவ வழிபாட்டை நடத்துவதா என்ற எதிர்ப்பு எழுந்ததும் 1840களில் விலகத் தொடங்கியது. 1863இன் சட்டம் அந்த விலகலை முறைப்படுத்தியது. விலகிய இடத்தில் சொத்து கரையவே, நீதிக்கட்சி ஆட்சியில் 1925இன் சட்டம் ஓர் அறநிலைய வாரியத்தை அமைத்தது. குற்றாலத்தில் வாழ்ந்து கம்பனை ஊருக்கெல்லாம் ருசிக்கக் கற்பித்த ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் அவ்வாரியத்தில் ஆணையராகப் பணியாற்றியவர். 1951இன் சட்டத்தைச் சிரூர் மடத்து வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் சோதித்தபோது, சமயத்தின் இன்றியமையாத கூறு எது என்பதை அச்சமயத்தின் கொள்கையைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும் என்றது. முடிவு செய்பவர் நீதிபதி என்பதால், நடைமுறையில் அவர் சிவஞான முனிவரின் இருக்கையில் அமர வேண்டியவராகிவிட்டார். இன்று நடப்பிலுள்ளது 1959இன் சட்டம்.

காவலரைப் பற்றிய இக்கவலை புதிதன்று. தென்காசிக் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த அரிகேசரி பராக்கிரம பாண்டியர், எதிர்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைப் பணிவதாக அங்கேயே கல்லில் வெட்டிவைத்தார். மன்னர் தம் வாரிசுகளுக்கு ஆணையிட்டிருக்கலாம். ஆணை தமக்குப்பின் செல்லாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகள் பலவும் முடியும் 'பன்மாகேசுவரர் இரட்சை' என்ற தொடர் இன்னும் தெளிவானது: கொடையின் காவல் அரசனிடமோ அர்ச்சகரிடமோ இல்லை, சிவனடியார் கூட்டம் முழுவதிடமும் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

உள்பொருளா ஆக்கப்பொருளா என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிச் சொல்லும் ஒரு கருத்து இங்கே உதவுகிறது. இறைவன் சத்து, அதாவது மாறாத உள்பொருள். உலகம் அசத்து, தன் நிலையில் நிற்காதது. உயிரோ இரண்டிலும் சேராத சதசத்து, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாக ஆவது. சட்டம் ஏற்ற தெய்வநபரும், அதை ஏற்ற சட்டமும், இந்த மூன்றாம் வகைக்கு நெருக்கமானவை. கண்டெடுத்தது என்பவர்க்குச் சண்டேசுவரரும் சுந்தரர் வழக்கும் சான்று. ஆக்கியது என்பவர்க்கு நஸ்கர் வழக்கும் அயோத்தித் தீர்ப்பும் சான்று. இரண்டு சான்றும் உண்மை, ஏனெனில் அந்த நபர் கொடையாளியின் அறத்தைச் சார்ந்தபோது ஒன்றாகவும், கமுதியில் சாதி வழக்கத்தைச் சார்ந்தபோது வேறொன்றாகவும், பத்தூரில் மறந்துபோன ஒரு கோயிலைச் சார்ந்தபோது இன்னொன்றாகவும் ஆனது. ஆகவே அது எது என்று கேட்பதைவிட, எவரைச் சார்ந்து நிற்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

அதற்குச் சட்டம் தரும் விடை 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிசுவநாத் வழக்கில் உள்ளது. உத்தரப் பிரதேசத்தில் இராதாவல்லபர் கோயிலின் நிர்வாகியே தெய்வத்தின் சொத்தை விற்றுவிட, வழிபடுபவர் ஒருவர் தெய்வத்தின் சார்பில் வழக்கிட்டார். காவலரே அழிக்கத் தொடங்கியபோது அதைத் தடுக்க வழிபடுபவருக்குத் தகுதி உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. பன்மாகேசுவரர் இரட்சை என்று கல்லில் எழுதியவர்கள் இத்தீர்ப்பைப் படித்திருந்தால் அந்நியமாக உணர்ந்திருக்க மாட்டார்கள். இதன்படி இலஞ்சிக் குமாரரை வழிபடும் சாதாரண மனிதர் ஒருவரும், நிர்வாகம் தவறினால், தென்காசி நீதிமன்றத்திலிருந்து மதுரைக் கிளை வரை அவர் பெயரில் வழக்காடலாம். அவர் தமக்கென எதையும் கோர முடியாது, மீட்கப்படும் நிலம் மறுபடியும் பட்டாவில் தெய்வத்தின் பெயருக்கே போகும், வக்கீல் கட்டணமும் அலைச்சலும் மட்டும் அவர் பொறுப்பு.